கத்திரிக்கு முன்பே ஒரு வெயில் திட்டம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசல் வட்டாரம் மழையையும் கண்மாய்களையும் நம்பியிருக்கும் வறண்ட பூமி. பங்குனி பிறந்தால் குளங்களில் நீர் வற்றத் தொடங்கும். சித்தன்னவாசல் குன்று போன்ற வெறும் பாறைகள் பகலில் வாங்கிய வெப்பத்தை இருட்டிய பிறகும் அனலாக விடும். ஊர் வெயிலுக்குப் பழகியதுதான். ஆனால் பழக்கம் மட்டுமே உயிரைக் காப்பதில்லை.

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸையாவது எட்டி, அந்தப் பருவத்தின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடும்போது அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க அது வழிசெய்தது. நிவாரணம் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது, ஊரே வகுத்துக்கொள்ளும் வெயில் திட்டத்தின் வேலை.

உடல் தன்னைக் குளிர்விப்பது வியர்வையால். நீரும் உப்பும் குறைந்தால் தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குமட்டல் வரும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கே ஆபத்து. தனியே வாழும் முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெட்டவெளியில் உழைப்போர் ஆகியோருக்கே பாதிப்பு அதிகம். தகரக் கூரையின் கீழ் இரவும் புழுங்குவதால் அங்கு உறங்குவோரின் உடலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

ஆகவே திட்டத்தின் முதல் வேலை, இவர்களின் பட்டியல். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுடன் வீடு வீடாகப் போகிறார்கள். கர்ப்பிணிகளைக் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெரியும். இவர்கள் கூடி உட்கார்ந்தாலே தெருவாரியாகப் பட்டியல் தயாராகிவிடும். வெயில் கடுமையான நாளில் ஒவ்வொரு வீட்டையும் யார் எட்டிப் பார்ப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது நேரமும் இடமும். குளம் தூர்வாருதல், வயல் வேலை, கட்டுமானம் போன்றவற்றை விடிகாலையில் தொடங்கி முற்பகலிலேயே முடித்து, நண்பகல் 12 முதல் 3 மணி வரை நிழலில் இருக்க வழி செய்யலாம். வேலையிடத்தில் குடிநீரும் நிழல் கொட்டகையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருப்பது அவசியம். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். நீராகாரம், உப்பிட்ட மோர், இளநீர் ஆகியவையும் நல்லவை. கூட்டம் சேரும் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா போன்ற நாள்களில் தண்ணீர்ப் பந்தலோடு முதலுதவி இடமும் வேண்டும்.

ஒருவர் மயங்கிவிட்டால் 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றினால் புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

இத்தகைய திட்டத்துக்கு முன்மாதிரி அகமதாபாத். அங்கே 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். 2013இல் அந்நகரம் முன்னெச்சரிக்கை, மருத்துவமனைத் தயார்நிலை, மக்களுக்கான விளக்கம் ஆகியவற்றை ஒரே திட்டமாக்கியது. பின்னாளில் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் அதில் சேர்ந்தது.

சுற்றுவட்டார ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22 கிராம சபைகள் கத்திரி வெயிலுக்கு முன்பே கூடுகின்றன. பட்டியலையும் பொறுப்புகளையும் அவற்றில் முடிவுசெய்யலாம். பேரூராட்சியான அன்னவாசலில் வார்டுதோறும் கூடிப் பேசலாம். கோடை கடந்ததும் ஆகஸ்ட் 15 கிராம சபையில், யார் பாதிக்கப்பட்டார்கள், எங்கே தண்ணீர் தீர்ந்தது, எந்த வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று கணக்கெடுத்து அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளலாம்.