குடி வரலாறும் கலியாணப் பதிவேடும்

எம் இல்லத்துப் பழைய வேதாகமத்தின் முதலேட்டில், எம் பாட்டனாரின் பாட்டனாருக்கு 1880-ஆம் ஆண்டில் விவாகம் நடந்தேறியதென்றும், அக்காலை அவர் ‘உபதேசியார்’ ஊழியத்தில் இருந்தாரென்றும் எழுதப்பட்டிருக்கின்றது. சிறு பருவமுதல் இதனைக் கேட்டு வளர்ந்த யாம், சென்ற விடுமுறையில் தேரிக்காட்டை அடுத்த எம் முன்னோர் ஊருக்குச் சென்று, அச்சேகரத்துக் குருவானவரின் அன்பினால் பழைய பதிவேடுகளைப் பார்வையிடும் பேறு பெற்றோம். யாம் எதிர்பார்த்தது ஒன்று, கண்டது பிறிதொன்று. தத்தம் குடி வரலாற்றைத் தேட விரும்பும் நண்பர்க்கு ஒருவாறு பயன்படுமென்று கருதி அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முதற்கண் வேதாகமத்து ஏட்டைப் பற்றிச் சில சொல்லவேண்டும். வீட்டிலுள்ள எழுத்தாகலின் அதனினும் சிறந்த சான்று இல்லையென்று பலரும் எண்ணுவர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆயின் அவ்வேட்டினை உற்று நோக்கியபோது, விவாகமும் மக்கள் நால்வரின் பிறப்பும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே இருப்பில் எழுதியன போலத் தோன்றின. மேலும், அப்புத்தகம் அச்சிடப்பட்ட ஆண்டே விவாகத்துக்குப் பல்லாண்டு பிற்பட்டது. பின்வந்தோர் ஒருவர் நினைவிலிருந்து எழுதி வைத்த குறிப்பு அது என்பது அப்பொழுதே விளங்கிற்று. நிகழ்ச்சி நடந்த அன்றே எழுதியதற்கும், நெடுநாட் கழித்து எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோர் முதலிற் காணல் வேண்டும்.

அன்றே எழுதியது யாதெனின், கோயிற் பதிவேடேயாம். இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த பதிவேட்டில் மணமக்களின் பெயர், வயது, முன் மணமுடித்தவரா அல்லரா என்னும் நிலை, தொழில், இருப்பிடம், தந்தையார் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி உண்டு. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டதா என்பதும், மணமக்கள், சாட்சிகள், குருவானவர் ஆகியோர் கையொப்பங்களும் உடனிருக்கும். ஒற்றை வரியில் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு அடங்கிக் கிடத்தலை எண்ணி வியந்தோம்.

அவ்வரியைக் கண்டுபிடித்தல் எளிதன்று. எம்மவர்க்குக் குடிப்பெயர் என்பதொன்று இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர் வேதப் பெயர் பூணுதலால், ஓர் ஊரிலேயே ஒரே பெயருடையார் மூவர் நால்வர் உளர். எம் முன்னோர் பெயரே அவ்வாண்டு ஏட்டில் மூன்றிடத்து வந்தது. தந்தையார் பெயரும் சிற்றூரின் பெயரும் ஒத்துவந்த பின்னரே இன்னார் என்று துணிந்தோம். எழுத்தும் ஓர் இடர்ப்பாடு. புள்ளியில்லா மெய்களும், காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமையில்லா வரிவடிவும் எம் வகுப்பறையில் ஓலைச்சுவடி பற்றிக் கேட்டவையே. அவற்றைக் காகிதத்திற் கண்டு தடுமாறியபோதுதான் எம் ஆசிரியர் அப்பாடத்தை ஏன் அத்துணை வற்புறுத்தினார் என்று உணர்ந்தோம்.

வயதுப் பத்தியை முற்றும் நம்புதலும் ஆகாது. அச்சட்டம் முதலில் இந்நாட்டுக் கிறிஸ்தவ மணமகனுக்குப் பதினாறும் மணமகளுக்குப் பதின்மூன்றும் கீழெல்லையாக வகுத்திருந்தது. இன்றோ அவை இருபத்தொன்றும் பதினெட்டும் ஆம். பிறந்த நாளைக் குறித்து வையாத காலத்தில், எழுதுவோர் ஏறக்குறைய ஓர் எண்ணைச் சொல்லக் கேட்டு எழுதினர் என்றே கொள்ளவேண்டும்.

இனித் தொழிற் பத்திக்கு வருவோம். ‘உபதேசியார்’ என்னும் சொல்லைத் தேடிய எம் கண்முன் ‘பனையேறி’ என்னும் சொல் நின்றது. கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நின்றன. அருகே ‘தற்குறி’ என்று வேறொருவர் எழுதியிருந்தார். எழுத்தறியாதாரைத் தற்குறி என்று இகழ்ந்து பேசுகின்றோமே, அது தன் கையால் இட்ட குறி என்றே பொருள்படும். அக்கீறலை எம் விரலால் தொட்டுப் பார்த்தோம் என்பதை மறைக்கவேண்டுவதில்லை.

வேதாகமம் பொய்யோ எனின், அன்று. மக்களின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் தந்தையின் தொழிலுக்குப் பத்தி உண்டு. முதல் இரு குழந்தைகளுக்கு ‘பனையேறி’ என்றும், மூன்றாங் குழந்தைக்கு ‘வாத்தியார்’ என்றும், நான்காவதற்கு ‘உபதேசியார்’ என்றும் இருக்கக் கண்டோம். பின்வந்தோர் முடிவிலிருந்த ஊழியத்தைத் தொடக்கத்துக்கே ஏற்றிவிட்டனர். இடைப்பட்ட காலத்து நடந்தது யாதென்று அறிய வேறொரு வழி வாய்த்தது. ஒருவருடைய கலியாணத்தை மட்டும் தேடுதல் போதாது. அவர் சாட்சியாய் நின்ற கலியாணங்களையும் தேடுதல் வேண்டும். அங்ஙனம் தேடியவழி, தம் மணத்துக்கு எட்டாம் ஆண்டில் ஓர் உறவினர் மணத்துக்குச் சாட்சியாக அவரே தம் பெயரை எழுதியிருக்கக் கண்டோம். எழுத்துக்கள் பெரியன, ஒன்றோடொன்று ஒட்டாமல், வரியை விட்டு மேலேறிச் சென்றன. பகலெல்லாம் பனையேறிய ஒருவர் எந்த இரவில், எவரிடம் எழுதக் கற்றார் என்று எப்பதிவேடும் கூறவில்லை. கற்றார் என்பதற்கு அக்கையொப்பமே சான்று.

சங்கக் காணிக்கைப் பேரேடும் சிறிது உதவிற்று. பனையேற்றுக் காலத்தில் அவர் காணிக்கை கருப்பட்டியாக வரவு வைக்கப்பட்டுள்ளது. பிற்காலத்திலோ அது பணமாக மாறிற்று.

மணமகளின் தொழிற் பத்தி வெறுமையாயிருந்தது. அவ்வேட்டில் எம் பாட்டி ஒருவர்க்கு மட்டுமன்று, யாம் புரட்டிய பக்கங்களில் மணமகள் எவர்க்கும் அப்பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. காலையும் மாலையும் ஆடவர் இறக்கிய பதநீரை விறகு கூட்டிக் கொப்பரையிற் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியவர் பெண்டிர் அல்லரோ? காய்ச்சாத பதநீர் சின்னேரத்திற் புளித்துப் பயனற்றுப் போகும். அங்ஙனமாக, பேரேட்டில் கணவர் பெயரில் வரவான கருப்பட்டியெல்லாம் அவ்வம்மையார் அடுப்பிலிருந்து வந்ததேயாம். அடக்கப் பதிவேட்டில் அவர் ‘உபதேசியார் மனைவி’ என்றே குறிக்கப்பட்டார்.

சேகரத்தில் ஏடு செல்லரித்திருப்பின் மனந்தளரவேண்டா. பிரதிகளை மேலிடத்துக்கு அனுப்பும் கடமையும் சட்டத்தில் உண்டு. சென்னை மாகாணத்துக் கோயிற் பதிவுகளின் பிரதிகள் 1698 முதலாக இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள. அவற்றுள் ஐரோப்பியர் பெயர்களே மிகுதி. மிஷன் சங்கத்தாரின் பழங்கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காம், ஆக்ஸ்போர்டு ஆகிய நகரங்களின் பல்கலைக்கழக நூலகங்களில் காக்கப்படுகின்றன.

யாம் கண்டவற்றை வீட்டில் அறிவித்தபோது எம் தந்தையார் மகிழ்ந்தார். பெரிய அத்தையார் மகிழவில்லை. “உபதேசியார் வீட்டார் என்று ஊரெல்லாம் சொல்லுகிறதே, அது போதாதா? நீ படித்தவன், இதையெல்லாம் காலேஜ் புத்தகத்தில் போடவேண்டுமா?” என்றார். அவர் வருத்தம் எமக்கும் வருத்தமே. பனையேறியவரைத் தாழ்வாக நோக்கிய காலத்தில் வளர்ந்தவர் அவர். ஆயினும் அக்கீறலையும் அக்கையொப்பத்தையும் நிழற்படமெடுத்து அவர்முன் அருகருகே வைத்தோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இது அவர் கையா?” என்று இரண்டாவதைக் காட்டிக் கேட்டார். ஆம் என்றோம். முதலாவதைக் காட்டி, “இதுவும் அவர் கைதானே?” என்றார்.

வேதாகமத்து ஏட்டில் ‘உபதேசியார்’ என்னும் சொல்லை யாம் அடிக்கவில்லை. அதன் கீழே, அத்தையாரின் இசைவோடு, பதிவேட்டிலுள்ள வரியை நாளும் பக்கமும் குறித்து எழுதி, எழுதியவர் இன்னார், எழுதிய ஆண்டு இன்னது என்பதையும் சேர்த்து வைத்துள்ளோம்.