மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி: உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டரை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியும் நேரமும் பல வருடங்கள் பின்னால் போய் நிற்கிறதா? பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதேதான் நடந்தது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யவே கிளம்பிவிட்டார். கோளாறு மதர்போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் போன்ற பேட்டரியில். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது.

பேட்டரியின் மேல் சிஆர்2032 என்று இருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதே அந்த எண்ணின் பொருள். உள்ளே ஒரு பக்கம் லித்தியம் உலோகம், மறுபக்கம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு.

பள்ளியில் கார உலோகங்கள் என்று படித்திருப்பீர்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம், சீசியம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இவற்றின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கும். அதைப் பிய்த்து எடுக்கத் தேவைப்படும் சக்திக்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். ஒரு மோல் அணுக்களுக்கு லித்தியத்தில் இது 520 கிலோ ஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, சீசியத்தில் 376. அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலக்ட்ரான் மையத்தை விட்டு விலகுகிறது, பிடியும் தளர்கிறது. லித்தியத்தில் இரண்டாவது எலக்ட்ரானையும் எடுக்க வேண்டுமென்றால் 7298 கிலோ ஜூல், அதாவது 14 மடங்கு வேண்டும். அதனால் ஒரு அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரான் மட்டுமே கிடைக்கும்.

அப்படியானால் எலக்ட்ரானைச் சுலபமாக விடும் சீசியத்தை அல்லவா பேட்டரியில் போட வேண்டும்? கல்லூரியில் எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. எலக்ட்ரானை எடுக்கும் செலவு மட்டும் கணக்கு இல்லை, வரவும் உண்டு. எலக்ட்ரானை இழந்த லித்தியம் அயனி மிகச் சிறியது. சுற்றியுள்ள திரவ மூலக்கூறுகளைத் தன்பக்கம் பலமாக இழுத்துக்கொள்ளும். அப்போது வெளிப்படும் ஆற்றல், கூடுதல் செலவை ஈடுகட்டி மேலும் லாபம் தருகிறது. அதனால்தான் 3 வோல்ட் கிடைக்கிறது. எடையையும் பாருங்கள்: 7 கிராம் லித்தியம் தரும் அதே எண்ணிக்கை எலக்ட்ரான்களுக்கு 133 கிராம் சீசியம் வேண்டும். தவிர, சீசியம் 28.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு பேட்டரிக்குள் குழம்பாகத்தான் இருக்கும்!

லித்தியம் விட்ட எலக்ட்ரான் மதர்போர்டின் கடிகாரச் சர்க்யூட் வழியாகச் சுற்றி மாங்கனீஸ் டை ஆக்ஸைடை அடைகிறது. அயனி பேட்டரிக்குள்ளேயே மறுபக்கம் போகிறது. லித்தியம் தண்ணீருடன் வினைபுரியும் என்பதால் உள்ளே இருப்பது நீரில்லாத கரைசல். இந்த வகையை ரீசார்ஜ் செய்யக்கூடாது, சார்ஜரில் மாட்டிப் பார்க்காதீர்கள். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி வேறு வகை.

மாற்றுவது சுலபம். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பக்கத்தில் உள்ள சிறு கிளிப்பைத் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதை வைத்து, பயாஸ் செட்டப்பில் தேதியைச் சரிசெய்யுங்கள். சித்தப்பா வீட்டில் விண்டோஸைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் குழந்தை இருந்தால் கழற்றிய பேட்டரியை மேஜையில் போட்டுவைக்காதீர்கள். கடிகாரத்தை ஓட்ட முடியாத பேட்டரியிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரப்பொருள் உருவாகி 2 மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழையதை இருபுறமும் செல்லோ டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.