குற்றம் பெற்றோலிலா, பொறியிலா?

ஆனையிறவுக் கடல்நீரேரியை ஊடறுத்துச் செல்லும் பாதையில் நண்பகலிற் கார் நின்றுவிட்டால், ஒதுங்குவதற்கு ஒரு மரநிழலும் கிடையாது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்புகையில், நோயுற்ற அன்னையாரைப் பின்னாசனத்தில் இருத்திக்கொண்டு, அந்நிலைக்கு நான் ஆளானேன். கார், 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்; தந்தையார் விட்டுச்சென்ற முதுசொம்.

வழியால் வந்த லொறிச் சாரதி ஒருவர் இறங்கிப் பார்த்தார். "பெற்றோல் ஆவியாகுது தம்பி, பம்பிலை ஈரத்துணியைப் போடும்" என்றார். போட்டேன். அரைமணி நேரத்திற் கார் புறப்பட்டது. அன்று தொட்டு ஈரத்துணி எங்கள் வீட்டில் வேதவாக்காயிற்று. ஆயினும் காரோ இருபது நிமிடம் ஓடுவதும் அரைமணி நேரம் இளைப்பாறுவதுமாகவே இருந்தது. கராச் ஒன்றிற் பம்பைக் கழற்றினார்கள், காபுறேற்றரைக் கழுவினார்கள், குழாயை மாற்றினார்கள். பணம் போயிற்றேயன்றிப் பிணி போகவில்லை. விற்றுவிடுவோம் என்றார் தமையனார். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்துயராயிருந்தது.

பழியைப் பெற்றோலின்மேற் போடும் வழக்கம் எம்மவரிடம் வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. 1990 களில், போரும் தடையும் காரணமாகப் பெற்றோல் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அக்காலத்திற் கார் நின்றால் எரிபொருளை ஐயுறுவது நியாயமே.

ஈற்றில் எங்கள் ஊர் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் காரைத் தொட்டும் பாராமல், "ஆறின கார் உண்மை சொல்லாது, நிண்ட உடனை பார்க்கவேணும்" என்றார். முற்றத்திலேயே எஞ்சினை ஓடவிட்டோம். இருபத்தைந்தாம் நிமிடத்தில் அது நின்றது.

பொறி பிறக்கும் வகையை இவ்விடத்திற் சிறிது கூறவேண்டும். அமெரிக்கரான சாள்ஸ் கெற்றரிங் 1909 ஆம் ஆண்டளவில் அமைத்த முறை இது. பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் கொயிலின் வழியே சென்று, டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பொயின்ற் என்னும் தொடுமுனைகளை அடைகிறது. முனைகள் பிரியுங் கணத்திற் கொயிலின் காந்தப்புலம் அழிய, பல்லாயிரம் வோல்ற் எழுந்து பிளக்கிற் பொறியாகப் பாய்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 6000 தடவை நிகழும். முனைகள் பிரியும் இடைவெளியோ அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்கு. நாலு தாள் கனம் என்க. அவ்விடைவெளியில் மின்சாரம் பொறிந்து வீணாகாமற் காப்பது, சுண்டுவிரல் நுனியளவான கொண்டென்சர்.

முதியவர் கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூற்றர் மூடியினின்று கழற்றி, காப்பிட்ட குறட்டாற் பிடித்து, எஞ்சினுக்குக் கால் அங்குலம் விலக்கி வைத்தார். நான் எஞ்சினைச் சுழற்றினேன். நீலமாய்ச் சடசடத்துப் பாயவேண்டிய பொறி, மஞ்சளாய் நூல்போல் வந்தது. நீலமாய் வந்திருப்பின், மூடி, ரோட்டர், பிளக், அல்லது மெய்யாகவே பெற்றோல் என்று தேடியிருப்போம். அடுத்து, பொயின்றுக்குச் செல்லும் கொயில் முனைக்கும் எஞ்சினுக்குமிடையே சிறு மின்குமிழைத் தொடுத்தார். அது மினுக்கு மினுக்கென்றது. மின்சாரம் வருகிறது, முனைகளும் ஒழுங்காய்த் திறந்து மூடுகின்றன. எஞ்சியவை கொயிலும் கொண்டென்சருமே. மூடியைத் திறந்தால், பிரியும் முனைகளுக்கிடையே ஒளி பளிச்சிட்டது, அவை கருகியுமிருந்தன.

கொண்டென்சரோ புதியது. முந்திய ஆண்டு 'சேர்விஸ்' செய்தபோது மாற்றியது. புதியது பழுதாகாதென்ற எண்ணத்தால் நான் அதனை ஐயுறவேயில்லை. ஆயுதப் பெட்டியின் அடியிற் கிடந்த பழையதைத் தேடியெடுத்து மாட்டினார் முதியவர். பொறி நீலமாயிற்று. புதியது சூடேறியதும் செயலிழந்து, ஆறியதும் மீண்டிருக்கிறது. காரைக் குணமாக்கியது துணியன்று. அது உலர்வதற்கு நாம் காத்திருந்த அரைமணி நேரமே.

அதன் பின்னர் ஆனையிறவைப் பலமுறை கடந்துவிட்டோம். அன்னையார் மட்டும், காரில் ஏறுமுன், "ஈரத்துணி எடுத்தனியோ?" என்று இன்றும் கேட்கிறார். எடுத்துச் செல்கிறேன்.