புல்டாக் குட்டியின் முதல் மாதம்

புல்டாக் குட்டி வாங்கப் போகிறவர்கள் அதன் முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். சப்பை மூக்கு, மடிப்பு விழுந்த நெற்றி, தொங்கும் கன்னம், முன்னால் துருத்திய கீழ்த்தாடை. நான் பார்க்கச் சொல்வது மூக்கின் துவாரங்களை. அவை நன்றாகத் திறந்திருக்கின்றனவா, அல்லது இரண்டு கீறல்களாக ஒடுங்கிக் கிடக்கின்றனவா? பிறகு குட்டி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். மூச்சு ஓசையில்லாமல் போய் வர வேண்டும். இந்த நாய்க்காக வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளில் பெரும்பகுதி அந்த மூச்சைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

ஒரு காலத்தில் இதன் முகம் இவ்வளவு சப்பையாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவிவிடும் கொடூரமான விளையாட்டு நடந்து வந்தது. அதற்காக வளர்க்கப்பட்டதுதான் புல்டாக். அந்த நாய்க்கு நீண்ட கால்களும் ஓரளவு நீண்ட முகமும் இருந்தன. 1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த விளையாட்டைத் தடை செய்தது. வேலை இழந்த நாய் அடுத்த சில பத்தாண்டுகளில் கண்காட்சி மேடைக்குப் போனது. அங்கே பரிசு பெற்றது முகத்தின் சப்பைத்தன்மையும் தலையின் பருமனும். தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போனது, தலை பெருத்தது, இடுப்பு ஒடுங்கியது. பெரிய தலை குறுகிய இடுப்பின் வழியே வெளியே வர முடியாது என்பதால், பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்த இனத்தின் பிரசவங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன்தான். 2008-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆவணப்படம் இப்படித் தோற்றத்துக்காக வளர்க்கப்பட்ட இனங்களின் துன்பத்தை ஊரறியச் செய்தது. அதையடுத்து 2009-இல், நாய் இனங்களின் இலக்கணத்தை வகுக்கும் பிரிட்டனின் கென்னல் கிளப், புல்டாக்கின் தோற்ற இலக்கணத்தையே திருத்தி எழுதியது.

இந்த நாயின்மீது எனக்கு மிகுந்த பிரியம். இவ்வளவு பொறுமையும் பாசமும் உள்ள இனங்கள் குறைவு. அதனால்தான் அழகுக்காக அதன் மூச்சைப் பறித்த வழக்கம் வருத்தம் தருகிறது. லண்டனின் ராயல் வெட்னரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நாய்களைவிடப் புல்டாக்குக்கு ஏதேனும் ஒரு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு இரண்டு மடங்கு. தோல்மடிப்பில் வரும் புண் 38 மடங்கு. மூச்சுப்பாதை அடைப்பு 19 மடங்கு. அதே ஆண்டில் அதே கல்லூரி வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் பிறக்கும்போது இதற்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 7.4 ஆண்டுகள். ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு 12.7. இன்னும் முன்பணம் கொடுக்காதவர்கள் இந்த எண்களை வீட்டில் எல்லோரிடமும் வாசித்துக் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம். குட்டி வருவது உறுதியென்றால், அதற்கு வேண்டியதை முன்கூட்டியே செய்துவிடலாம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவே. உடம்பின் சூட்டை அது மூச்சால்தான் வெளியேற்றுகிறது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிழுக்கும்போது, மூக்கின் உள்ளே சுருள் சுருளாக இருக்கும் ஈரமான சவ்வுகளிலிருந்தும் நாக்கிலிருந்தும் நீர் ஆவியாகி ரத்தம் குளிர்கிறது. சிப்பிப்பாறை நாயின் நீண்ட மூக்கில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. புல்டாக்கின் மண்டையோடு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. பெரிய மெத்தையைச் சின்னப் பெட்டிக்குள் திணித்தது போல, அண்ணத்தின் பின்பகுதி தொண்டைக்குள் தொங்குகிறது, மூக்குச் சவ்வுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பலவற்றுக்கு மூச்சுக்குழாயும் ஒடுக்கம். சூடு ஏற ஏற நாய் பலமாக மூச்சிழுக்கும். பலமாக இழுக்க இழுக்கத் தொண்டைச் சதை வீங்கும். வீங்கினால் வழி இன்னும் அடைபடும். வெப்பத்தாக்கு இந்த இனத்தை அவ்வளவு விரைவில் வீழ்த்துவது இந்தச் சுழலால்தான்.

நம் ஊர் வெயிலில் இது சிறிய விஷயம் அல்ல. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி முதலிய இனங்களை இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை எனப் பட்டியலிட்டது. அவற்றில் பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் நம் குட்டியைப் போலவே சப்பை மூக்குக்காரர்கள்.

ஆகவே குட்டிக்கு இடம் தேடும்போது வீட்டிலேயே குளிர்ச்சியான அறையைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். மேற்கு வெயில் விழும் பால்கனியும் வேண்டாம். கோடையில் பகல் முழுக்க மின்விசிறி, முடிந்தால் ஏசி. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்து வைக்க வேண்டும். ஏசியைத் தாங்கும் இன்வெர்ட்டர் எல்லா வீட்டிலும் இருக்காது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறியின் கீழ் வெறும் தரையில் படுக்கவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தண்ணீர்க் கிண்ணம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கட்டும். குறுகிய சொம்புக்குள் சப்பை முகத்தை நுழைத்துக் குடிப்பது இதற்குச் சிரமம்.

ஆபத்தின் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வெடுத்தும் அடங்காத இரைச்சலான மூச்சு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், நீலம் பாரித்த நாக்கு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறியின் கீழ் நிறுத்துங்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகக் கூடாது. அதன் பிறகு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈரத்துண்டால் போர்த்திவிட்டு வண்டியில் ஏற்றுவதுதான் நம் பழக்கம். போர்த்திய துண்டு சிறிது நேரத்தில் சூடாகி, வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

அடுத்தது தரை. இப்போது எந்த வீட்டிலும் டைல்ஸ் அல்லது கிரானைட். குட்டியின் பாதம் அதில் வழுக்கும், பின்னங்கால் பரப்பிக்கொண்டு விழும். இடுப்பு மூட்டு சரியாக அமையாத குறை அதிகம் காணப்படும் இனங்களில் புல்டாக் முன்வரிசையில் நிற்கிறது. வளரும் மூட்டுக்கு இந்தச் சறுக்கல் நல்லதல்ல. குட்டி நடமாடும் வழியில் ரப்பர் விரிப்புகளைப் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், ஒரே நாளில் கடித்துக் குதறிவிடும். மாடிப்படிக்குத் தடுப்பு வையுங்கள். தரைத்தொட்டி இருந்தால் மூடி போட்டே இருக்கட்டும். பெரிய தலையும் குட்டைக் கால்களும் கொண்ட இந்த நாய்க்கு நீச்சல் வராது. தண்ணீரில் விழுந்தால் தலை முதலில் மூழ்கும்.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்தவைகளிடமும்தான் அது கற்கிறது. முடிந்தால் தாயையும் நேரில் பாருங்கள். தாயின் மூச்சு எப்படியோ குட்டியின் மூச்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதல் இரவு அது அழும். அதுவரை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியலாகத் தூங்கிய உயிர், முதன்முறையாகத் தனியே படுக்கிறது. "அழுது பழகட்டும், தூக்கினால் கெட்டுப்போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கூண்டையோ படுக்கைப் பெட்டியையோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில் வையுங்கள். தாயின் வாசனை உள்ள துணி ஒன்றை வளர்த்தவரிடம் கேட்டு வாங்கிவந்து அதில் போடுங்கள். அழும்போது கை வைத்தால் அடங்கும். பயம் தெளிந்த பிறகு, நாளுக்குக் கொஞ்சமாகப் படுக்கையை நகர்த்தி நீங்கள் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். புல்டாக் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கத்திக் கத்தி அழும் சப்பை மூக்குக் குட்டிக்குத் தொண்டை வீங்கும். இரவில் அது எப்படி மூச்சு விடுகிறது என்பதும் பக்கத்தில் படுத்தால்தான் தெரியும்.

வந்த முதல் வாரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். இந்த வயதுக் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். தூங்கும் குட்டியை எழுப்பக் கூடாது என்ற ஒரே விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சிறுநீர்ப் பழக்கத்துக்குத் தந்திரம் எதுவும் இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். இடையிலும் மணிக்கொரு தரம். அங்கே போனவுடன் பாராட்டுங்கள். குட்டிகள் எட்டு வார வயதையொட்டித்தான் எந்த மாதிரித் தரையில் போவது என்று பழகுகின்றன. அதனால் அடுக்குமாடி வீட்டில் செய்தித்தாள் என்றால் செய்தித்தாள், தோட்டம் என்றால் மண், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். நடுக்கூடத்தில் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பதும் அடிப்பதும் கூடவே கூடாது. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பது. துடைக்கப் பினாயிலும் வேண்டாம். தரையோடு தரையாகத் திரிகிற குட்டி, பாதத்தில் ஒட்டியதையெல்லாம் நக்கும்.

உணவை வந்த அன்றே மாற்றாதீர்கள். வளர்த்தவர் கொடுத்ததையே சில நாள் கொடுத்து, பிறகு ஒரு வாரம் பத்து நாளில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். நாளுக்கு மூன்று நான்கு வேளை, சிறு அளவாக. பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். நம் சமையலில் பெரிய கவலை வெங்காயமும் பூண்டும். பச்சையானாலும் வெந்ததானாலும் அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார் சாதம், குழம்பு ஊற்றிய சோறு, பிரியாணி மிச்சம் எதுவும் வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சு. இந்த நாய் அவசரமாக, காற்றையும் சேர்த்து விழுங்கும். தோல் எலும்பு போன்ற கடிபொருள்களைக் கொடுத்தால் பெரிய துண்டாக விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதன் வாய்க்குள் முழுதாக அடங்காத கெட்டி ரப்பர் பொம்மைதான் பல் முளைக்கும் காலத்துக்கு ஏற்றது. உடம்பு போட விடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் 25 கிலோ, பெண் 23 கிலோ என்பது இனத்தின் அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் மூச்சுப்பாதையை இறுக்கும்.

முகமடிப்புகளை மெல்லிய ஈரத்துணியால் துடைப்பதை முதல் வாரத்திலேயே பழக்குங்கள். துடைப்பதைவிட முக்கியம், உடனே உலரத் துடைத்துவிடுவது. புண் வளர்வது ஈரத்தில்தான். வாலடியை மறக்காதீர்கள். திருகி ஒட்டிய வாலின் கீழே ஒரு பள்ளம் இருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கண்ணின் உள்மூலையில் செர்ரிப் பழம் போல ஒரு சிவந்த கட்டி திடீரென்று துருத்தினால் அது மூன்றாம் இமையின் சுரப்பி. மருத்துவர் அதை உள்ளே வைத்துத் தைக்கலாம், வெட்டி எறியக் கூடாது. கண்ணீர் சுரப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வந்த இரண்டு மூன்று நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குடற்புழு மருந்தையும் தடுப்பூசி அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரை தொடரும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தை ஒட்டி. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருப்பதால், ஊசி முடியும்வரை தெருவில் இறக்கி நடத்த வேண்டாம். குட்டியின் பால்பல் நம் கையில் போடும் கீறலை "குட்டிதானே" என்று விடுவதும் தவறு. குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். ரத்தம் வராவிட்டாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வேண்டும்.

தெருவில் இறக்கக் கூடாது என்பதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது. மூன்று வாரம் முதல் பன்னிரண்டு பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பிற்காலத்தில் பெரும்பாலும் பயப்படாது. கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். குக்கர் விசில், மிக்ஸி, பால்காரர் வண்டி, தெரு நாய்களின் குரைப்பு, தாடி வைத்தவர், குடை பிடித்தவர் எல்லாம் அதற்கு அறிமுகமாகட்டும். தீபாவளிக்கு முன் வந்த குட்டி என்றால் வெடிச்சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, தீனி கொடுத்துக்கொண்டே பழக்கலாம். நடைக்குப் போகும் வயது வந்ததும் கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டாதீர்கள். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். ஏற்கெனவே குறுகிய தொண்டையை ஏன் நெரிக்க வேண்டும்? சூரியன் ஏறுமுன் பத்து நிமிட நடை, மாலை இருட்டிய பிறகு இன்னொன்று. அது உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள்.

குறட்டையையும் உறுமல் மூச்சையும் "இந்த ஜாதிக்கு அப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ராயல் வெட்னரி காலேஜ் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூச்சுத்திணறல் அறிகுறிகள் உள்ள நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை என்றார்கள். விளையாடி முடித்துச் சில நிமிடங்களில் மூச்சு சீராகாவிட்டால், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து தலையை உயர்த்தி வைத்துக்கொண்டால், சாப்பிட்டதைத் திரும்பத் திரும்பக் கக்கினால், மருத்துவரிடம் அதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தை விரிக்கவும், நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சைகள் உண்டு. தொண்டைத் திசுக்கள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுத் தளருவதற்கு முன், இளவயதில் செய்தால் பலன் அதிகம். மயக்க மருந்து இந்த இனத்துக்குக் கூடுதல் ஆபத்து என்பதால், கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போதே மூக்கையும் அண்ணத்தையும் சோதித்து, தேவையானால் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரா, மயக்கம் தெளிந்து எழும்வரை கூடவே ஆள் இருப்பாரா என்ற இரண்டு கேள்விகளையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.