வீடுகளில் ரேடான்

ரேடான் என்பது நிறமோ மணமோ சுவையோ அற்ற, கதிரியக்கம் உடைய ஒரு மந்த வளிமம் ஆகும். மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம் ஆகிய தனிமங்கள் படிப்படியாகச் சிதையும்போது இது தோன்றுகின்றது. திறந்த வெளியில் காற்றில் கலந்து நீர்த்துவிடும் ரேடான், மூடிய வீட்டினுள் தேங்குகின்றது. இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் வகைப்படுத்தியது.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கட்டுமானத்தில் இருந்த லிமரிக் அணுமின் நிலையத்தின் பொறியாளர் இசுடான்லி வாட்ராசு என்பவர் மீது கதிரியக்கம் இருப்பதாகக் கருவிகள் ஒலி எழுப்பின. அது அவரது வீட்டிலிருந்தே வந்தது எனப் பின்னர் தெரியவந்தது. வீட்டு ரேடான் குறித்துப் பொதுமக்கள் பெரிதும் அறிந்துகொண்டது இதன் பின்னரே.

இரு வகைகள்

யுரேனியத் தொடரில் தோன்றும் ரேடான்-222இன் அரைவாழ்வுக் காலம் 3.8 நாட்கள். ஆகையால் அது நிலத்தடியிலிருந்து தரை வெடிப்புகள், குழாய் நுழையும் இடைவெளிகள் வழியாக வீட்டினுள் வர நேரம் உண்டு. தோரியத் தொடரில் தோன்றும் ரேடான்-220, தோரான் எனப்படும். இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 56 நொடிகளே. ஆழத்தில் பிறக்கும் தோரான் வீட்டை அடையுமுன் சிதைந்துவிடும். சுவர்ப்பூச்சின், மண்தரையின் மேற்பரப்பிலிருந்து வெளிப்படுவது மட்டுமே அறையை அடைகின்றது.

தமிழ்நாட்டில் தோரானே கவனிக்கத்தக்க இடம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஆகும். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டு கனிமம் உள்ளதைச் செருமானிய வேதியியலாளர் சோம்பர்க் 1909இல் கண்டறிந்தார். இம்மணல் கலந்த பூச்சு தோரானை வெளிவிடும். சுவரிலிருந்து சிறிது விலகினாலே வளிமத்தின் அளவு விரைந்து குறைகின்றது. எனினும் அதன் சிதைவில் தோன்றும் ஈயம்-212, 10.6 மணிநேர அரைவாழ்வு கொண்டது; அது அறை முழுதும் பரவும். எனவே கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்துவது மட்டும் போதாது.

உடல்நலக் கேடு

வளிமத்தைவிட அதன் சிதைவுப் பொருட்களே தீங்கானவை. தூசியில் ஒட்டி நுரையீரலில் படியும் பொலோனியம், ஆல்ஃபா துகள்களை வெளிவிட்டு உயிரணுக்களைச் சிதைக்கின்றது. புகைபிடிப்போருக்கு இந்த இடர் பல மடங்கு கூடுதல். உலக சுகாதார அமைப்பு 2009இல் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்பதை மேற்கோள் அளவாகப் பரிந்துரைத்தது. அது இயலாத நாடுகளிலும் 300ஐத் தாண்டலாகாது என்றது.

அளவிடலும் பாதுகாப்பும்

புலன்களால் அறிய இயலாததால் அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய ஆய்வுகளில் செல்லுலோசு நைட்ரேட்டுப் படலம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வீட்டில் தொங்கவிடப்படும். ஆல்ஃபா துகள்கள் பதித்த தடங்கள் காரக் கரைசலில் அரித்தபின் எண்ணப்படும். படலத்தைச் சுவரை ஒட்டி வைத்தால் தோரான் கணக்கைக் குழப்பிவிடும்.

தமிழக வீடுகளில் நிலவறைகள் அரிது. சன்னல்களும் பெரும்பாலும் திறந்திருந்தன. குளிரூட்டிக்காக அறையை இரவு முழுதும் அடைக்கும் வழக்கம் இதனை மாற்றுகின்றது. வழக்கமான சுவர்க் குளிரூட்டி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகின்றது, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. நாள்தோறும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறத்தலும், தரை வெடிப்புகளை அடைத்தலும் எளிய வழிகள். அளவு மிகுந்த இடங்களில் தரைத்தளத்தின் அடியிலிருந்து குழாயும் விசிறியும் கொண்டு காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடுவர். தோரானுக்குச் சுவர்ப்பூச்சின் மீது வண்ணம் அடிப்பதும் ஓரளவு உதவும். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்திருக்கலாம். மேல்நிலைத் தொட்டியில் தேங்கி நிற்கையில் அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகின்றது.