பலத்துக்குக் குறையில்லை... தூரம்தான் சிக்கல்! மின்சார பிக்கப் வண்டிகள் சொல்லும் கணக்கு

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிக்கப் வண்டி இல்லாத பண்ணைவீடு அரிது. வைக்கோல் கட்டு, தீவன மூட்டை, வேலிக்கம்பி எல்லாம் அதன் பின்தொட்டியில்தான் ஏறும். மாடுகளை ஏற்றிய டிரெய்லரையும் அதுதான் இழுக்கும். ஃபோர்டு நிறுவனத்தின் ‘எஃப்’ வரிசைதான் அங்கே 40 ஆண்டுகளுக்கும் மேலாக அதிகம் விற்கும் பிக்கப். அந்த வரிசையில், முழுக்க மின்சாரத்தில் ஓடும் ‘எஃப்-150 லைட்னிங்’ 2022-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2025 டிசம்பரில் அதன் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக நிறுவனமே அறிவித்துவிட்டது. காரணங்களைப் பார்த்தால், மின்சார லோடு வண்டி வாங்க நினைக்கும் யாருக்கும் பயன்படும் ஒரு கணக்கு அதில் இருக்கிறது.

இழுவையில் சளைக்கவில்லை

டீசல், பெட்ரோல் என்ஜின்கள் ஓரளவு வேகமெடுத்த பிறகுதான் முழு இழுவையைக் கொடுக்கும். மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே கொடுத்துவிடும். லைட்னிங் சுமார் 4,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கக்கூடியது. அதிலிருந்து 9.6 கிலோவாட் மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். நம் ஊர்க் கணக்கில் இரண்டு 5 ஹெச்.பி மோட்டார்கள் ஓடும்போது இழுக்கும் அளவு அது. வெல்டிங் வேலைக்கும், மின்தடை நேரத்தில் வீட்டுக்கும் இது உதவியது. வாங்கியவர்கள் பலர் பாராட்டியதும் இதைத்தான்.

டிரெய்லர் பூட்டினால் பாதி தூரம்

லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் 131 யூனிட் மின்சாரம் நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி உண்டு. அதாவது, அத்தனை பெரிய பேட்டரியில் இருப்பது 15 லிட்டர் பெட்ரோலின் சக்திதான். பெட்ரோல் என்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும். மோட்டார் அப்படி வீணடிக்காது. அதனால்தான் சுமையில்லாமல் 500 கிலோமீட்டர் வரை ஓட முடிகிறது.

உயரமான டிரெய்லரைப் பூட்டினால் நிலைமை மாறுகிறது. எடையோடு காற்றின் எதிர்ப்பும் கூடி, கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம் இரண்டு மடங்காகிறது; ஓடும் தூரம் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ விழுகிறது. கடுங்குளிரில் இன்னும் குறையும். பெட்ரோல் பிக்கப்பிலும் மைலேஜ் இதேபோல் விழத்தான் செய்யும். ஆனால், அதன் டேங்க் பெரியது. ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடலாம். லைட்னிங்கில் அதிவேக சார்ஜரிலேயே 15 சதவிகிதத்திலிருந்து 80 சதவிகிதம் ஏற சுமார் 40 நிமிடங்கள் ஆகும். பல சார்ஜிங் நிலையங்கள் கார்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்தினால்தான் உள்ளே போக முடியும். டிரெய்லருக்குள் மாடுகள் நின்றால் அந்தப் பாடு சொல்லி மாளாது.

விலையும் கைகொடுக்கவில்லை. மின்சார வண்டி வாங்குவோருக்கு அரசு கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நின்றுபோனது.

சத்தம் இல்லாத மசில் கார்

பெரிய என்ஜின், நேர்கோட்டில் பாய்ச்சல், காதைப் பிளக்கும் உறுமல். ‘மசில் கார்’ என்றால் அமெரிக்கர்களுக்கு இதுதான். டாட்ஜ் நிறுவனம் 2023 இறுதியில் தன் எட்டு சிலிண்டர் மசில் கார்களின் தயாரிப்பை நிறுத்தி, மின்சார ‘சார்ஜர் டேடோனா’வைக் கொண்டுவந்தது. அதன் உயர்ரக வண்டிக்கு 670 ஹெச்.பி, மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை 3.3 விநாடிகளில் எட்டும். உறுமலுக்கென்று தனிக் கருவியும் வைத்தார்கள். ரசிகர்கள் பலருக்கு மனம் நிறையவில்லை. ரேக்ளா வண்டியில் காளையை அவிழ்த்துவிட்டு மோட்டாரைப் பூட்டினால் நம்மவர்கள் என்ன சொல்வார்களோ, அதையேதான் அவர்களும் சொன்னார்கள். 2025-ல் அதே காரில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினை வைத்து டாட்ஜ் அறிமுகப்படுத்தியது.

பிக்கப் நிறுவனங்கள் நடுவழியைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. சக்கரத்தை மோட்டாரே சுற்றும். கூடவே ஒரு பெட்ரோல் என்ஜின், ஜெனரேட்டர்போல பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும். ஃபோர்டின் அடுத்த லைட்னிங் இப்படித்தான் வரப்போகிறது. முழு மின்சார பிக்கப் திட்டத்தைக் கைவிட்ட ராம் நிறுவனமும் இதே வழிக்கு வந்திருக்கிறது.

நம் ஊருக்கு என்ன பாடம்?

நம் சிறிய லோடு வண்டிகளுக்கும் இதே கணக்குதான். சொசைட்டிக்குப் பால் கேன், உழவர் சந்தைக்குக் காய்கறி எனத் தினமும் தெரிந்த தூரம் ஓடி, இரவு வீடு திரும்பும் வண்டிக்கு மின்சாரம் பொருந்தும். ஒட்டன்சத்திரத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, விடிவதற்குள் கோயம்பேட்டில் நிற்க வேண்டிய லோடுக்கு இப்போதைக்குப் பொருந்தாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

• முழு லோடு ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? விளம்பரத்தில் உள்ள தூரத்தை நம்ப வேண்டாம். லோடு ஏற்றி, உங்கள் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

• பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் வாரன்டி? மாற்றினால் என்ன விலை?

• வீட்டு மின் இணைப்பு சார்ஜரைத் தாங்குமா? இலவச விவசாய மின் இணைப்பு விவசாயத் தேவைக்குத்தான். அதில் வண்டிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது.

• பழுதானால் பார்க்கும் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது?