ரேடியேட்டர் மேலே ஜில்லுன்னு இருக்கா? இதைச் செய்யுங்க!

சுந்தரபாண்டியத்தில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். மகள் பிரசவத்துக்காக லண்டன் போகும் அம்மாக்களுக்கோ, சுவரோர ரேடியேட்டர்தான் துணை. பாய்லரில் காயும் வெந்நீர் அதற்குள் ஓடித்தான் அறை சூடாகிறது.

மேல்பகுதி மட்டும் ஜில்லென்று இருந்தால், உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிடுங்கள். மேல் ஓரத்து வால்வை அதற்கான சாவியால் மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் அடங்கித் தண்ணீர் கசிந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லர் பிரஷர் 1 முதல் 1.5 பார் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ்ப்பகுதி ஜில்லென்றால் துருச்சேறு படிந்திருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். கேஸ் பாய்லரை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் மட்டுமே பிரிக்கலாம்.

ஒன்று முக்கியம்: குழந்தைக்குக் குளிருமே என்று சாம்பிராணிக் கரித்தணலை மூடிய அறையில் வைக்காதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.